வலிக்குக் காரணம் மாத்திரைதானா?

மறைமலை நகரில் உடல்வலி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரையிலும் வரிசையாக நிற்கும் ஆலைகளுக்குக் கம்பெனி பஸ்கள் மூன்று ஷிப்டுக்கும் ஆளை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கின்றன. எட்டு மணி நேரம் லைனில் நின்றவருக்குக் கெண்டைக்கால் இழுக்கும். தலைக்கு மேல் கையைத் தூக்கி போல்ட் முடுக்கியவருக்குத் தோள்பட்டை கடுக்கும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்கு, இரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர், கொலஸ்ட்ராலைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை எழுதித் தருகிறார். ‘அதைப் போட்டால் தசை வலிக்கும்’ என்ற பேச்சு மாத்திரைக்கு முன்பே அவர் காதுக்கு வந்துவிடுகிறது. மூன்றாவது வாரம் தொடை வலிக்கிறது. பழி யார்மேல் விழும்? ஷிப்டின்மேல் விழாது, மாத்திரையின்மேல்தான் விழும். அட்டை அலமாரிக்குள் போய்விடும், மருத்துவருக்கு அது தெரியவே தெரியாது. இந்த மருந்தின் பாதுகாப்பைப் பற்றி நான் சொல்ல வருவது இதுதான்: ஸ்டாட்டினை விழுங்குவதால் வரும் கேட்டைவிட, தேவையுள்ளவர் அதை யாரையும் கேட்காமல் நிறுத்திவிடுவதால் வரும் கேடு பெரிது. விழுங்குவதிலும் மெய்யான ஆபத்து உண்டு. ஆனால் அது அரிது, அதன் அடையாளங்கள் தெரிந்தவை, அது எந்தச் சூழலில் வரும் என்பதும் தெரிந்ததே. அன்றாட வலியையும் அந்த ஆபத்தையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நாம் தின்றதிலிருந்து நேராக வருவதில்லை. உடலே அதைத் தயாரிக்கிறது, குறிப்பாகக் கல்லீரல். அந்தத் தயாரிப்பின் முக்கியமான படி ஒன்று ஒரு நொதியைச் சார்ந்திருக்கிறது. ஜப்பானின் சாங்கியோ நிறுவனத்தில் பணியாற்றிய அகிரா எண்டோ, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சலித்துப் பார்த்து, 1973-இல் அந்த நொதியைத் தடுக்கும் பொருளொன்றைக் கண்டெடுத்தார். கியோட்டோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியில் வளர்ந்த பூஞ்சை தந்த பொருள் அது. நொதி தடைபட்டதும் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் தட்டுப்பாடு வருகிறது. அதை ஈடுகட்ட, இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளைத் தன் செல்களின் மேற்பரப்பில் கூடுதலாக முளைக்க வைக்கிறது. இரத்தத்தில் எல்.டி.எல். இறங்குகிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வகையில் முதல் மருந்தான லோவாஸ்டாட்டின் 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகள் பங்கேற்றனர். சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே மொத்த மரணங்களே 30 சதவீதம் குறைந்திருந்தன. இத்தனை வேலையும் உடலுக்குள் ஓசையில்லாமல் நடக்கிறது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் வியர்த்துக் காய்ச்சல் இறங்குவது தெரியும். ஸ்டாட்டின் தரும் பலனோ வராமல் போன மாரடைப்பு. அதை யாரும் உணர முடியாது. தொடைவலியை உணர முடியும். உணரக்கூடிய வலியும் உணர முடியாத பலனும் ஒருவர் மனத்தில் மோதும்போது எது வெல்லும் என்பதில்தான் இந்த மருந்தின் தலைவிதி இருக்கிறது.

நம் ஊரில் இந்தத் தராசு இன்னும் கவனமாகப் பிடிக்க வேண்டியது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. உழைத்துச் சம்பாதிக்கும் வயதிலேயே அது வந்துவிடுகிறது. ஷிப்ட் வேலை பற்றிய 34 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான கணக்கு, ஷிப்டில் வேலை செய்பவர்களிடம் மாரடைப்பு 23 சதவீதம் அதிகமாகக் காணப்படுகிறது என்றது. ஷிப்ட்தான் முழுக் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. தூக்கக் குறைவு, புகை, நேரங்கெட்ட சாப்பாடு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆனால் அவையெல்லாம் இந்த ஆலைச் சாலையிலும் ஒன்றாகவே பயணம் செய்கின்றன.

இனி வலிக்கு வருவோம். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ‘சாம்சன்’ ஆய்வு எனக்கு மிகவும் நேர்மையானதாகப் படுகிறது. ஏனென்றால் அது வலியால் ஸ்டாட்டினைக் கைவிட்டவர்களையே தேடிப்பிடித்துக் கேட்டது. அப்படிப்பட்ட 60 பேரிடம் ஆளுக்குப் பன்னிரண்டு புட்டிகள் தந்தார்கள். நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின், நான்கில் பார்வைக்கு அதே போன்ற வெற்று மாத்திரை, நான்கு காலிப் புட்டி. மாதத்துக்கு ஒரு புட்டி, எது எப்போது என்பது முன்கூட்டியே தெரியாது. தினமும் தங்கள் தொந்தரவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4. மாத்திரை விழுங்கும் மாதங்களில் தொந்தரவு இரட்டிப்பானது மெய்தான். ஆனால் அந்த உயர்வில் பத்தில் ஒன்பது பங்கு, மருந்தே இல்லாத மாத்திரையாலும் வந்தது. முடிவைக் காட்டியதும் பங்கேற்றவர்களில் பாதிப்பேர் மீண்டும் ஸ்டாட்டினைத் தொடங்கினார்கள். அறுபது பேர் போதாது என்று சொல்பவருக்கு 2022-இல் ‘லான்செட்’ இதழில் வந்த பெரிய தொகுப்பு இருக்கிறது. 19 ஆய்வுகள், ஏறத்தாழ 1,24,000 பேர். தசைவலி சொன்னவர்கள் ஸ்டாட்டின் தரப்பில் 27.1 சதவீதம், வெற்று மாத்திரை தரப்பில் 26.6 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளிதான் மருந்தின் பங்கு. அதுவும் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடுகிறது.

‘அப்படியானால் வலி பொய் என்கிறீர்களா?’ என்று ஒருவர் கோபப்பட்டால் அந்தக் கோபம் நியாயமானது. வலி பொய்யில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவருக்கும் வலித்தது, மெய்யாகவே வலித்தது. கேள்வி, அந்த வலியின் காரணம் எது என்பது மட்டுமே. வலி வரும் என்று எதிர்பார்த்திருக்கும் உடல், முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட சிறு வலியையும் எண்ணிக் கணக்கு வைக்கத் தொடங்குகிறது. மறைமலை நகரில் எண்ணுவதற்கு வலிகளுக்குப் பஞ்சமில்லை என்பதுதான் இங்கே கூடுதல் சிக்கல். ஸ்டாட்டினால் வரும் தசைவலிக்கு ஒரு சாயல் உண்டு. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரும். தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள் போன்ற பெரிய தசைகளில் வரும். மருந்து தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் வரும். நிறுத்தினால் சில வாரங்களில் போய்விடும். ஸ்பானர் பிடிக்கும் கையில் மட்டும் வரும் வலியும், குறிப்பிட்ட ஸ்டேஷனில் நின்ற நாளில் மட்டும் வரும் முதுகுவலியும் வேறு கதை. ஐயம் தீராவிட்டால் மருத்துவரே இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்க்கச் சொல்வார். வலி போனால் மறுபடி தொடங்கியோ, அளவைக் குறைத்தோ, வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றியோ சோதிப்பார். தானாக நிறுத்துவதற்கும் இப்படி நிறுத்திப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு, இரண்டாவதில் திரும்பிவரும் தேதி இருக்கிறது. தசைச் சேதத்தை அளக்கும் சி.கே. என்ற இரத்தப் பரிசோதனையிலும் நம் ஊர்க்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடும் உடலுழைப்பே அந்த எண்ணை உயர்த்திவிடும். பாரம் தூக்கிய மறுநாள் இரத்தம் கொடுத்தால் மாத்திரைமேல் பொய்ப்பழி விழலாம். வேலைப்பளு இல்லாத ஓரிரு நாள் கழித்துக் கொடுப்பதும், தன் வேலை இன்னதென்று மருத்துவரிடம் சொல்வதும் அந்தப் பழியைத் தவிர்க்கும்.

மெய்யான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதற்கு வரலாறே சான்று. செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து 2001 ஆகஸ்டில் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. தசைகள் சிதைந்து, அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைத்து, உலகெங்கும் 52 மரணங்கள் அதோடு தொடர்புபடுத்தப்பட்டிருந்தன. அவற்றில் கணிசமானவை, அதிக அளவில் எடுத்தவர்களுக்கோ, ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தைச் சேர்த்து எடுத்தவர்களுக்கோ நேர்ந்தவை. இன்று புழக்கத்தில் இருக்கும் ஸ்டாட்டின்களில் அந்தத் தசைச் சிதைவு மிக அரிது. வரும்போது பெரும்பாலும் அதே இரண்டு வாசல்கள் வழியாகத்தான் வருகிறது: அளவு மீறுவது, கூட்டாளி மருந்து. கூட்டாளி மருந்து என்றதும் இந்த வட்டாரத்தில் என் நினைவுக்கு முதலில் வருவது படர்தாமரை. வியர்வையில் நனைந்த யூனிஃபார்முக்குள் அரிப்பு வந்தால் மருந்துக் கடையிலேயே இட்ராகொனசோல் கேப்சூல் வாங்கி வாரக்கணக்கில் போடுபவர்கள் உண்டு. அது கல்லீரலில் அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் இரண்டும் கரையும் பாதையை அடைத்துவிடும். விழுங்கியது ஒரு மாத்திரை, இரத்தத்தில் சேர்வது பல மாத்திரைக்குச் சமம் என்றாகிவிடும். நெஞ்சுச்சளிக்கு எழுதப்படும் கிளாரித்ரோமைசினும் எரித்ரோமைசினும் அப்படியே. இதற்குத் தீர்வு கடினமானதில்லை. புதிய மருந்து எழுதுபவரிடமும் விற்பவரிடமும் ‘கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறேன்’ என்று பெயரோடு சொன்னால், வேறு மருந்தைத் தருவார்கள் அல்லது அந்தச் சில நாட்களுக்கு ஸ்டாட்டினை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்.

அளவு மீறும் வாசலும் தெரியாமல் திறந்துகொள்வதுதான். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் மருந்தகத்தில் ஒரு பெயரில் அட்டோர்வாஸ்டாட்டின், தனியார் கிளினிக்கில் வேறு கம்பெனிப் பெயரில் அதே அட்டோர்வாஸ்டாட்டின், மூன்றாவதாக ஆஸ்பிரினோடு ஸ்டாட்டினையும் அடைத்த கூட்டுக் கேப்சூல். மூன்று அட்டைக்கும் மூன்று நிறம். அட்டையின்மேல் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனிப் பெயர். சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைத்தான் படிக்க வேண்டும். ரோசுவாஸ்டாட்டினுக்குக் கூடுதலாக ஒரு கவனம் வேண்டும். சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர், வெள்ளையர் என நான்கு தரப்பினரிடம் செய்த ஆய்வில், ஒரே அளவு மாத்திரைக்கு இந்தியர் இரத்தத்தில் அந்த மருந்து வெள்ளையரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாகச் சேர்ந்திருந்தது. 2005 முதல் அமெரிக்க மருந்துக் குறிப்பே ஆசியருக்கு 5 மில்லிகிராமில் தொடங்குவதை யோசிக்கச் சொல்கிறது. அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். மேலும் ஆறு சதவீதம் அளவுக்குத்தான் இறங்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘இன்னும் ஒன்று சேர்த்துப் போடுவோம்’ என்ற அவசரத்தில் ஆதாயம் குறைவு. தைராய்டு குறைவு இருந்தால் அதுவே எல்.டி.எல்.லை ஏற்றும், அதுவே தசையையும் நோகவைக்கும். ஆகவே தொடங்குமுன் அதையும் கல்லீரல், சிறுநீரக நிலையையும் பார்த்துவிடுவது நல்லது. அளவு மீறிய மதுப் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. இத்தனையும் சொன்ன பிறகு, எப்போது ஓட வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து கையூன்றாமல் எழ முடியாத தளர்ச்சி, கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர், கண் மஞ்சளாவது: இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கத்திரி வெயிலில் நீர்ச்சத்து வற்றி உழைப்பவருக்கு மாத்திரை இல்லாமலேயே தசைச் சிதைவு வரக்கூடும் என்பதால், அந்த நாட்களில் சிறுநீரின் நிறத்தைக் கவனிப்பது எல்லோருக்குமே பொருந்தும்.

இரவு ஷிப்டுக்காரர்களை ஒரு சிறு குழப்பம் வாட்டுகிறது. ‘கொலஸ்ட்ரால் மாத்திரையை இரவில்தான் போட வேண்டும், எனக்கு இரவு என்பதே வாரத்துக்கு வாரம் மாறுகிறதே’ என்பது. அந்த விதி பழைய சிம்வாஸ்டாட்டினுக்கு உரியது. அது சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து வடிந்துவிடும், கல்லீரலின் தயாரிப்போ இரவில் அதிகம். அட்டோர்வாஸ்டாட்டினின் அரை ஆயுள் சுமார் 14 மணி நேரம், ரோசுவாஸ்டாட்டினுக்கு 19. இவற்றைப் பகலில் போட்டாலும் ஒன்றுதான். எந்த ஷிப்டிலும் மாறாத ஒரு செயலோடு, எழுந்ததும் பல் துலக்குவதோடு என்று வைத்துக்கொள்வோம், முடிச்சுப் போட்டுவிட்டால் மறதி குறையும். மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. நேரங்கெட்ட சாப்பாட்டால் நெஞ்செரிச்சலுக்கு ‘கேஸ்’ சிரப் குடிப்பவர்கள், ரோசுவாஸ்டாட்டின் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அலுமினியமும் மக்னீசியமும் கலந்த அந்தச் சிரப் மருந்தில் பாதியை உடலில் சேரவிடாது.

இந்த மருந்தின்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் எனக்கு மிகவும் கனமாகத் தோன்றுவது சர்க்கரை நோய் பற்றியது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வெளியான கணக்கின்படி, குறைந்த, நடுத்தர அளவு ஸ்டாட்டினால் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 10 சதவீதமும், அதிக அளவால் 36 சதவீதமும் உயர்கிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோயும் 15.3 சதவீதம் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாகச் சொல்கிறது. வாசற்படியில் நிற்பவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் நாட்டில் சிறு தள்ளலும் பெரிதுதானே? பெரிதுதான். ஆனால் தள்ளப்படுபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அந்த வாசற்படியில் நின்றவர்கள் என்றும் அதே தொகுப்பு காட்டுகிறது. மறுதட்டையும் பார்க்க வேண்டும். 2016-இல் ‘லான்செட்’ வெளியிட்ட மதிப்பீடு இது: பத்தாயிரம் பேர் ஐந்தாண்டு முறையாக எடுத்தால் 50 முதல் 100 பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வரலாம், ஐந்து பேருக்குத் தசைநோய் வரலாம், ஐந்து முதல் பத்துப் பேருக்கு மூளையில் இரத்தக்கசிவு வரலாம். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களானால் அந்தப் பத்தாயிரத்தில் சுமார் ஆயிரம் பேர் மாரடைப்பிலிருந்தும் பக்கவாதத்திலிருந்தும் தப்புகிறார்கள். நோய் வராமல் ஆபத்து மட்டும் அதிகம் உள்ளவர்களானால் ஐந்நூறு பேர். சர்க்கரையை ஆண்டுக்கொரு முறை பார்த்து மருந்தால் ஆள முடியும். செத்துப்போன இதயத் தசையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

‘பூண்டும் மஞ்சளும் போதாதா?’ என்பது இரண்டாவது கேள்வி. அமெரிக்காவில் 2022-இல் வெளியான ஓர் ஆய்வு இதையே நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை, மீன் எண்ணெய் உள்ளிட்ட ஆறு துணை உணவுகள் ஒருபக்கம், ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம் மறுபக்கம், 28 நாட்கள். மருந்து எல்.டி.எல்.லை 38 சதவீதம் இறக்கியது. மற்ற ஆறும் வெற்று மாத்திரையிலிருந்து கணிசமாக வேறுபடவில்லை. அந்த ஆறில் சிவப்பு ஈஸ்ட் அரிசியும் ஒன்று. அதில் இயற்கையாக ஊறும் மோனகோலின்-கே என்பது லோவாஸ்டாட்டினேதான். அளவு எவ்வளவு, உடன் கலந்தது என்ன என்பது மட்டும் விற்பவருக்கே தெரியாது. ஜப்பானில் 2024-இல் இந்தச் சிவப்பு அரிசித் துணை உணவு ஒன்றைச் சாப்பிட்டுப் பலருக்குச் சிறுநீரகம் கெட்டு, அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற நம் சொலவடைக்கு உணவில் இடம் உண்டு. எண்ணெயைக் குறைப்பதும், புகையை விடுவதும், நடப்பதும் மாத்திரை போட்டாலும் வேண்டியவையே. அவற்றை மாத்திரைக்கு மாற்றாக வைத்தால்தான் கணக்கு தப்புகிறது. ‘எண் சரியாகிவிட்டது, நிறுத்தலாமா?’ என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. எண் சரியானது மாத்திரை கல்லீரலைத் தடுத்துக்கொண்டிருப்பதால். கையை எடுத்தால் சில வாரங்களில் அது பழைய இடத்துக்கே ஏறிவிடும். டென்மார்க்கில், ஸ்டாட்டினைத் தொடங்கிய சில மாதங்களிலேயே விட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, மாரடைப்பு 26 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. பத்திரிகைகளில் ஸ்டாட்டினுக்கு எதிரான செய்திகள் வந்த காலத்தில் இப்படி விட்டவர்கள் அதிகம் என்பதும் அதே ஆய்வின் முடிவு. எழுதுபவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய முடிவு அது.

இவ்வளவு சொன்னதால் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் கொலஸ்ட்ரால் 210 என்று வந்த ஒவ்வொருவரும் நாளையே மாத்திரை தொடங்க வேண்டும் என்பதல்ல. மொத்தக் கொலஸ்ட்ரால் என்ற ஒற்றை எண் அதிகம் பேசாது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் எல்.டி.எல்.லை ஆளுக்குத் தக்க அளக்கச் சொல்கிறது: பொதுவாக 100-க்குக் கீழ், சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றால் ஆபத்து அதிகமானால் 70-க்குக் கீழ், மாரடைப்பு வந்தவர்கள் போல் மிக அதிகமானால் 55-க்குக் கீழ். இருபத்தெட்டு வயதில், புகை இல்லாமல், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இல்லாமல் எல்.டி.எல். சற்றே ஏறியிருப்பவருக்கு உணவும் நடையும் முதலில். முதல் பரிசோதனைக்குப் பெரும்பாலோருக்கு வெறும் வயிறு தேவையில்லை என்றும் அந்த வழிகாட்டுதல் சொல்வது, இரவு ஷிப்ட் முடித்து வருபவர்களுக்கு நல்ல செய்தி. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மின்னணு ஆலைகளில் வேலை செய்யும் இளம்பெண்களுக்குத் தனியாக ஒன்று: கருவுறத் திட்டமிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லி ஸ்டாட்டினை நிறுத்த வேண்டும், பால் கொடுக்கும் காலத்திலும் எடுக்கக் கூடாது. பரம்பரையாகவே எல்.டி.எல். மிக உயர்ந்திருக்கும் சிலருக்கு மட்டும் மருத்துவர் வேறு முடிவு எடுக்கலாம்.

இந்த வட்டாரத்தில் மாத்திரை நின்றுபோவதற்கு வலியைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது: வேலை மாறுவது. ஒப்பந்தம் முடிகிறது, ஆலை மூடுகிறது, 2022-இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் உற்பத்தி நின்றதுபோல, அல்லது சம்பளம் உயர்ந்து, 2017-இல் 21,000 ரூபாயாக்கப்பட்ட ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிடுகிறது. மருந்தகமும் மருத்துவரும் மாறும்போது சீட்டு தொலைகிறது, சீட்டோடு மருந்தும் தொலைகிறது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. ஸ்டாட்டின் தேவைப்படும் தொழிலாளிக்கும் அதே தொடர்ச்சி கிடைக்க வேண்டும் என்று கேட்பது மிகையில்லை. அதுவரை, மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், தொடங்கிய மாதம், கடைசி எல்.டி.எல்., உடன் எடுக்கும் மற்ற மருந்துகள் என ஐந்து வரி எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைக் கம்பெனி அடையாள அட்டையின் உறைக்குள் வைத்துக்கொள்ளலாம். இதயம் காப்போம் திட்டத்தில் 2023 முதல், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரினும் குளோப்பிடோகிரெலும் அட்டோர்வாஸ்டாட்டினும் முதல் தவணையாகத் தரப்படுகின்றன. அந்த நேரத்தில் நோயாளியால் பேச முடியாமல் போனாலும், செவிலியர் கையில் அந்த ஐந்து வரியாவது இருக்கும்.